மாமியார் சுற்று, மாப்பிள்ளை சுற்று

1

இந்தக் கதை முதலில் ஒரு கட்டுரையாக இருந்தது. நான் கார்ப் பந்தயத் தடம் ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கிறேன் என்று சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கேள்விப்பட்டிருக்கிறார். "பழைய காலத்துச் சுற்றுச் சாதனைகளையும் இந்தக் காலத்துச் சாதனைகளையும் ஒப்பிட்டு ஒன்று எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். குதிரைத்திறன், டயரின் அகலம், சராசரி வேகம் எல்லாவற்றையும் கட்டம் கட்டி அட்டவணை போட்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது: "நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் அட்டவணையில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லையே."

போட்டார்கள். அட்டவணையில்தான் போடவில்லை. அந்தச் சண்டை நடந்தபோது நான் கையில் பந்தய ஓட்டுநர்களை எச்சரிக்கும் மஞ்சள் கொடியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

(தெரியாதவர்களுக்கு: ஒரு தடத்தை முழுதாக ஒரு முறை சுற்றிவர யாருக்கு ஆகக் குறைந்த நேரம் ஆனதோ, அந்த நேரம்தான் சுற்றுச் சாதனை. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் யாராவது சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போவார்களா என்று கேட்பீர்கள். இருங்கள்.)

2

தொடக்கத்துக்கு நான் முயன்றவை:

"ஐஃபல் மலைமேல் அன்று பனிமூட்டம் இறங்கி—"

வேண்டாம். ஜெர்மனியில் நான் இருக்கும் இந்த மலை ஊரில் வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம்தான். அதை எழுதினால் கதை எந்த நாளில் நடந்தது என்று எனக்கே தெரியாது.

"வேகம் என்பது மனிதனின் ஆதி—"

இது கட்டுரையிலிருந்து தப்பி ஓடிவந்த வாக்கியம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

"பிர்கன்ஷைட் கிராமத்தில் ஒரு மாமியாரும் ஒரு மருமகனும் இருந்தார்கள். ஒரே தடத்தின் சாதனையாளர் நான்தான் என்று இருவருமே சொன்னார்கள்."

இது நிற்கும்.

3

மாமியார் பெயர் கெர்லிண்டே. எழுபது தாண்டியவர். இருபத்திரண்டு வயதில், தகர டப்பா மாதிரி இருந்த ஒரு குட்டிச் சிவப்புக் காரில், எங்கள் தடத்தை இரண்டு நிமிடம் முப்பத்தொரு வினாடியில் சுற்றியவர். பிறகு நாற்பது வருஷம் ஊரில் ஓட்டுநர் பள்ளி நடத்தினார். பிர்கன்ஷைட்டில் யார் வண்டி ஓட்டினாலும் அவரிடம் திட்டு வாங்கித்தான் கற்றிருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

மருமகன் பெயர் தீலோ. பல் மருத்துவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தம்புதுப் பந்தயக் காரில் அதே தடத்தை ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடியில் சுற்றினான். அந்தக் காரின் முன்மூடியில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்று வரைந்திருக்கும். பல்லுக்குக் கண்ணும் சிரிப்பும் உண்டு.

(இந்தத் தீலோமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பல் மருத்துவன் பந்தயம் ஓட்டுகிறான், காரில் பல் படம் போட்டிருக்கிறான் என்றால் நானே கற்பனை செய்தது போல இருக்கிறது. ஒரு வரைவில் அவனை மெக்கானிக்காக மாற்றிப் பார்த்தேன். மெக்கானிக்குக்கு அந்தக் காரின் ஒரு சக்கரம் வாங்கக்கூடக் கட்டுப்படியாகாது. மறுபடி பல் மருத்துவனாக்கினேன்.)

இருவருக்கும் நடுவில் உல்ரிக்கே. கெர்லிண்டேயின் மகள், தீலோவின் மனைவி, எங்கள் பந்தயச் சங்கத்தின் நேரக் கணிப்பாளர். என் தோழியும்கூட.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தீலோ தன் மாமியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். இங்கே எல்லா மருமகன்களும் அப்படித்தான். அதை அப்படியே தமிழில் எழுத என் கை ஒப்பவில்லை. ஆகவே இந்தக் கதையில் அவன் "அத்தை" என்பான், அவர் "மாப்ளே" என்பார். ஆனால் ஒன்றை நான் மாற்றவில்லை. சாதாரண நாளில் கெர்லிண்டே அவனை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க". அவர் வாயில் "நீங்க" வந்தால் உல்ரிக்கே கத்தி, முள்கரண்டிகளை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

4

குளிர்காலக் காற்றில் தடத்தின் வாசல் பலகை பிடுங்கிக்கொண்டு விழுந்தது. சண்டையைத் தொடங்கிவைத்தது அதுதான்.

புதுப் பலகை வந்தது. அழகான பச்சை. "பிர்கன்ஷைட் வட்டத்தடம்" என்று மேலே, "தடச் சாதனை:" என்று கீழே, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இடம். ஊர்ச் சாப்பாட்டு விடுதியின் சுவரில் அன்றன்றைய சாப்பாட்டை எழுதிவைப்பவள் நான் என்பதால் பெயர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என்ன பெயர் எழுத வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

விடுதியில் கூட்டம். ஆளுக்கொரு தட்டு உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ், பீர். சங்கத் தலைவர் ஓட்மார், பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், மணியடித்தார்.

தீலோ எழுந்தான். "இதுல பேச என்ன இருக்கு? ஒண்ணு ஐம்பத்தெட்டு. ரெண்டு முப்பத்தொண்ணு. எது சின்னது?"

"தடம் எது சின்னது மாப்ளே, அதைச் சொல்லு" என்றார் கெர்லிண்டே. "நான் ஓட்டுனப்ப தடம் மரம் அறுக்கற மில்லைச் சுத்தி, பால் பண்ணை முற்றத்துக்குள்ள பூந்து வெளிய வரும். அதையெல்லாம் வெட்டிட்டு உனக்குப் பாதித் தடம் குடுத்திருக்காங்க. பாதித் தோசையைத் தின்னுட்டு முழுத் தோசை தின்னவளை விடச் சீக்கிரம் முடிச்சேன்னு சொல்றியா?"

(அவர் தோசை என்று சொல்லவில்லை. அடையைத்தான் சொன்னார். மேசையில் இருந்ததும் அதுதான். தோசை என் கைங்கரியம்.)

"பாதி இல்ல அத்தை, அஞ்சுல ஒரு பங்குதான் வெட்டினாங்க. அதுக்குப் பதிலா மூணு கொண்டை ஊசி வளைவு வெச்சிருக்காங்க. உங்க காலத்துல நேரா ஓடற ரோடு."

"நேரா ஓடற ரோட்டுல எருமை மாதிரி பசு படுத்திருக்கும். உன் வளைவுல எது படுத்திருக்கு?"

ஓட்மார் மறுபடி மணியடித்தார். "சராசரி வேகம் பார்த்துடலாம். அதுதான் நியாயம்." பேனாவை எடுத்துக் காகித மேசைவிரிப்பில் கணக்குப் போட்டார். விரிப்பு நிறைந்தது. மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். தீலோ முன்னால்.

தீலோ கையைத் தூக்கினான். கெர்லிண்டே தன் பீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"ஒரு கிலோமீட்டர்தானே? என் டயர் எவ்வளவு அகலம் தெரியுமா? என் உள்ளங்கை அகலம். உன் டயர்ல ஒரு ஆளு படுத்துத் தூங்கலாம். அதுக்குக் கழிச்சுக்கோ, ஓட்மார்."

ஓட்மார் கழித்தார். இப்போது கெர்லிண்டே முன்னால். ஆனால் பழைய தடத்தின் நீளம் என்ன என்று தீலோ கேட்டான். அளந்தது யார் என்றும் கேட்டான். அந்தக் காலத்துப் பாதிரியார் தன் சைக்கிளில் போய்ச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி அளந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

"அந்த சைக்கிள் டயர்ல காத்து இருந்துச்சா?"

ஓட்மார் யோசித்துவிட்டு, காற்று குறைந்தால் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், ஆகவே தடம் இருந்ததை விட நீளமாகத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். தீலோ மீண்டும் முன்னால்.

மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டே, அது ஜெர்மனியிலும் உண்டு. அதோடு அவன் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இன்னொண்ணு. உங்களுக்கு நேரம் பிடிச்சது யாரு அத்தை? மாமாதானே? அப்ப அவர் உங்களைக் காதலிச்சிட்டிருந்தார். காதலிக்கறவன் கையில கடிகாரத்தைக் குடுத்தா, அவன் கடிகாரத்தையா பார்ப்பான்?"

மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

கெர்லிண்டே மெல்ல எழுந்தார்.

"நீங்க," என்றார், "அவரைப் பத்திப் பேசாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அவர் ஒரு பொய் சொன்னதில்ல. அதுக்கப்புறம்தான் கத்துக்கிட்டார்."

போய்விட்டார். அடையில் பாதி தட்டிலேயே இருந்தது.

5

ஊர் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். வண்டி ஓட்டக் கற்றது அவரிடம், பல் கட்டியது இவனிடம் என்பதால் முக்கால்வாசிப் பேர் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். ஒருவர் தன் பெயரையே எழுதிப் போட்டார். அவரிடம் கார் கிடையாது.

6

இந்த இடத்தில் கட்டுரையாக இருந்தால் "ஒப்பீட்டின் சிக்கல்கள்" என்று ஒரு தலைப்புப் போட்டிருப்பேன். கதை என்பதால் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

தீலோவின் கார் நிற்பது கெர்லிண்டேயின் வைக்கோல் கொட்டகையில். பக்கத்திலேயே ஒரு போர்வைக்கு அடியில் அவருடைய பழைய சிவப்புக் கார். கூட்டம் முடிந்த மறுநாள் கொட்டகைக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. தீலோ ஒரு பந்தயத்தைத் தவறவிட்டான். பதிலுக்கு மாமியாரின் கடைவாயில் பாதியில் நின்ற வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவரும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இரண்டாகப் பிரிந்தது. உல்ரிக்கே பன்னிரண்டு மணிக்கு அம்மா வீட்டில் வறுத்த இறைச்சி தின்பாள். ஒரு மணிக்குத் தன் வீட்டில் புருஷன் செய்ததைத் தின்பாள். ஒரு ஞாயிறு என் வீட்டுச் சமையலறையில் வந்து நாற்காலியில் சரிந்தாள்.

"எனக்கு ஒரு டீ குடு. திங்கறதுக்கு எதையும் காட்டாத."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுக்குடுக்கலாமே."

"எங்கம்மாவா? அவங்க ரோட்டுல ஆம்புலன்ஸுக்கே வழி விட மாட்டாங்க." டீயைக் குடித்தாள். "அவன் பேச்சுக்குச் சொல்லிட்டான்டி. இப்ப ராத்திரி தூக்கம் வராம புரண்டுட்டுக் கெடக்கான். ஆனா போய் மன்னிப்புக் கேளுடான்னா, கேட்டா சாதனையும் போயிடும்ங்கறான். அம்மா இதுவரைக்கும் அப்பா போட்டோவைத் துடைப்பாங்க. இப்ப அதுகிட்ட கேள்வி கேக்கறாங்க. 'நீ கடிகாரத்தைப் பார்த்தியா, என்னைப் பார்த்தியா?'ன்னு."

இந்த வரியை எழுதிவிட்டு நான் கொஞ்சம் நிறுத்தினேன். வேடிக்கைக் கதை என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அவள் சொன்னது இதுதான்.

பிறகு கோப்பையை டக்கென்று வைத்தாள். "ஒண்ணு பண்றேன். அவங்க வண்டியை இவன் ஓட்டட்டும், இவன் வண்டியை அவங்க ஓட்டட்டும். இப்ப இருக்கற தடத்துல. நேரம் நான் பிடிக்கறேன். யாரு வேகமோ அவங்க பேரு பலகையில. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிடுவோம் என்று இருவருக்கும் அவ்வளவு நிச்சயம். கெர்லிண்டே பந்தய உரிமத்தை வருஷா வருஷம் யாருக்கும் சொல்லாமல் புதுப்பித்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

7

ஊரே வந்தது. நான் வழக்கம்போல மக்காச்சோளக் கொல்லை வளைவில், கொடியோடு.

முதலில் தீலோ. ஆறடி ஆளைக் குட்டிச் சிவப்புக் காரில் திணிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் காதருகே. ஹெல்மெட் கூரையில் இடித்ததால் தலையைச் சாய்த்துக்கொண்டு, எதையோ ஒட்டுக்கேட்பவன் போலப் புறப்பட்டான்.

கார் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. அண்டா நிறைய ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. பிறகு கார் வந்தது. நேராக வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. என்னைக் கடக்கும்போது அவன் முகம் என்னைப் பார்த்தது, காரின் பின்பக்கம் போக வேண்டிய திசையைப் பார்த்தது. கதவு திறந்து மூடியது. ஒரு கண்ணாடி கழன்று என் காலடியில் விழுந்தது. கார் இரண்டு முறை சுழன்று மக்காச்சோளத்துக்குள் போய் மறைந்தது.

நான் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினேன். கொல்லைக்குள் இஞ்சின் உறுமியது. அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சோளக்கதிர்.

"தீலோ! அடிபட்டுச்சா?"

"இதுல... பிரேக் எங்க?"

"மிதிச்சியா?"

"மிதிச்சேன். அது யோசிக்குது."

"வெளிய வா, போதும்."

"வர மாட்டேன்," என்றான். "அவங்க இந்த வளைவைத் தாண்டிப் பால் பண்ணைக்குள்ள போயிருக்காங்க. நான் சோளத்தையே தாண்டலேன்னா எப்படி?"

ரிவர்ஸ் எடுத்து, சோளத் தட்டைகளை இழுத்துக்கொண்டு தடத்துக்கு ஏறினான். மீதிச் சுற்றை முடித்தபோது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஊர்வலம் வருவது போல இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்து கெர்லிண்டே. தீலோவின் உடம்புக்கு வார்த்த இருக்கையில் அவர் காணாமல் போனார். வரவேற்பறைச் சோபாவின் மெத்தைகள் இரண்டைக் கொண்டுவந்து அடைத்தார்கள். ஸ்டியரிங்கில் பதினேழு பொத்தான்கள். "இதுல எது ஹாரன்?" என்றார். ஹாரன் கிடையாது என்றதும் முகம் சுருங்கியது.

முதல் சுற்று, சந்தைக்குப் போகிறவர் மாதிரி போனார். இரண்டாவது சுற்றில் எனக்கு ஒரு கையசைப்பு. மூன்றாவது சுற்றில் கடைவாய்ப்பல் சிரித்துக்கொண்டே வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. என் கொடி காற்றில் கையை விட்டுப் பறந்து வேலியில் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவர் அடுத்த மேட்டில் ஒரு புள்ளி.

8

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கார் நின்றிருந்தது. கெர்லிண்டே இறங்கவில்லை.

தீலோ கதவருகே குனிந்தான். "அத்தை?"

"கழுத்தைத் தூக்க முடியல மாப்ளே."

அவன் அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இதை நீ ஒரு பந்தயத்துல எத்தனை சுத்து ஓட்டற?"

"முப்பது."

"முப்பதா!" அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வளைவைப் பார்க்கறதுக்குள்ள வளைவு முடிஞ்சிடுது. ஒவ்வொரு தடவையும் செத்துட்டேன்னு நினைச்சேன். நீ இதைத் தெரிஞ்சே போய்ப் பண்றியா? பைத்தியக்காரா."

"நீங்க அந்தத் தகரத்துல, பெல்ட் கூட இல்லாம..." காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமாவைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்," என்றார். அவன் தலையிலிருந்து ஒரு சோளநாரை எடுத்துப் போட்டார்.

ஓட்மார் மூச்சிரைக்க வந்தார். "நேரம்! உல்ரிக்கே, நேரம் என்ன?"

உல்ரிக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தெரியாது."

"என்ன தெரியாது?"

"பொத்தானை அழுத்தல. இவங்க ரெண்டு பேரும் முழுசா திரும்பி வர்றாங்களான்னு பார்த்துட்டு நின்னேன். போதுமா?"

கெர்லிண்டே மகளை நிமிர்ந்து பார்த்தார், கழுத்து வலியையும் மீறி. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. இடையிடையே "அப்பனை மாதிரியே" என்று மட்டும் காதில் விழுந்தது.

9

இங்கே முடித்திருக்கலாம். அழகான இடம். ஆசிரியருக்கும் பிடித்திருக்கும். ஆனால் பலகை இன்னும் காலியாக இருக்கிறது.

அடுத்த கூட்டம். அதே அடை, அதே மணி. தீலோ எழுந்தான்.

"பலகையில அத்தை பேரைப் போடுங்க. அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவன் சொல்றேன். என்னோடது சாதனையே இல்ல. கார் ஓட்டுச்சு, நான் உட்கார்ந்திருந்தேன்."

"மாப்ளே, உளறாதே," என்றார் கெர்லிண்டே. "உன் வண்டியை ஓட்டிப் பார்த்தவ நான். உன் பேருதான் வரணும். நான் ஓட்டுனப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. பயம்னா என்னன்னு தெரியாது. அதுல என்ன பெருமை? நீ பல்லு, பொண்டாட்டி, வீட்டுக்கடன் எல்லாம் இருந்தும் போற."

"முடியாது அத்தை. உங்க பேருதான்."

"உன் பேரு."

"உங்க தடம் பெருசு!"

"அது பாதிரியார் டயர்ல காத்து இல்லாததால!"

"மாமா நேர்மையா நேரம் பிடிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த மனுஷன் என்னைத்தான் பார்த்துட்டு நின்னிருக்கார்! எனக்குச் சந்தோஷமா இருக்கு! அதை ஏன் நீங்க கெடுக்கறீங்க?"

*நீங்க* வந்துவிட்டது. உல்ரிக்கே முள்கரண்டிகளைச் சேகரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் கொட்டகை மறுபடி பூட்டப்பட்டது. தன் சாதனையை ஏற்றுக்கொள்கிற வரை தீலோவுக்குச் சாவி கிடையாதாம். மாமியார் தன் சாதனையை ஏற்றுக்கொள்கிற வரை அந்தக் கடைவாய்ப்பல்லைத் தொடமாட்டேன் என்று தீலோ சொல்லி அனுப்பினான். உல்ரிக்கேவுக்கு ஞாயிறுதோறும் இரண்டு சாப்பாடு.

10

முடிவுகள்.

ஒன்று: இரண்டு பெயரையும் எழுதுவது. நானே சிபாரிசு செய்தேன். இடம் போதாது என்றார் ஓட்மார். பொடி எழுத்தில் எழுதலாம் என்றேன். "முதல்ல யார் பேரு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "மத்தவங்க பேரு" என்று இருவரும் ஒரே நேரத்தில் பதிலும் சொன்னார்கள்.

இரண்டு: பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வந்து இரண்டு சாதனையையும் உடைத்துவிடுகிறான். இதை ஒரு பக்கம் எழுதி உல்ரிக்கேவுக்குப் படித்துக் காட்டினேன். "எழுது, எழுது," என்றாள். "எங்கம்மாவும் என் புருஷனும் அன்னிக்கே ஒண்ணு சேர்ந்துடுவாங்க. உன் வீட்டு வாசல்ல." கிழித்துவிட்டேன்.

மூன்று: மூன்றாவது முடிவில்தான் இப்போது நிற்கிறேன்.

பலகை வாசலில் ஏற்றியாயிற்று. நான் ஏணியின் உச்சியில், ஒரு கையில் வெள்ளைப் பெயிண்ட், ஒரு கையில் தூரிகை. "தடச் சாதனை:" என்பதற்கு அப்புறம் பச்சைப் பசேலென்று வெறுமை. மலைப்பக்கம் மழை கட்டி நிற்கிறது. ஓட்மார் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஏணியின் இடது காலைப் பிடித்திருப்பவர் கெர்லிண்டே. வலது காலைப் பிடித்திருப்பவன் தீலோ.

"என் பேரோட முதல் எழுத்தைப் போட்ட, கையை எடுத்துடுவேன்" என்கிறார் கெர்லிண்டே.

"நானும்தான்" என்கிறான் தீலோ.

இருவரும் சொன்னால் செய்கிறவர்கள். அவர் பெயரை எழுதினால் இடப்பக்கம் விழுவேன், அவன் பெயரை எழுதினால் வலப்பக்கம். இடப்பக்கம் கல் பாவிய தரை, வலப்பக்கம் நெருஞ்சி. முதல் துளி மழை என் மணிக்கட்டில் விழுந்துவிட்டது.

வாசகரே, இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். இரண்டு பக்கத்து நியாயமும் உங்களுக்குத் தெரியும். ஒரு பெயரைச் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன். அங்கிருந்தே சொல்லாமல், கொஞ்சம் கிட்டே வந்து, முதலில் இந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.